புட்டியில் அடைத்த பேய்

அக்டோபர் மாதம் பிறந்ததும் ஐரோப்பிய, அமெரிக்க நாடுகளின் வீட்டு வாசல்கள் அச்ச வேடம் பூணத் தொடங்குகின்றன. மரங்கள் இலையுதிர்க்கின்றன, பகல் குறுகுகிறது, மாதத்தின் கடைசி இரவை நோக்கி ஊர்கள் ஆயத்தமாகின்றன. அந்த இரவுக்கு ஹாலோவீன் என்று பெயர். எலும்புக்கூடுகளும் வௌவால்களும் சூனியக்காரிகளும் சிலந்தி வலைகளும் முகப்புதோறும் தொங்குகின்றன. இவற்றுள் ஒருவகை அலங்காரம் அண்மைக் காலத்தில் பலருடைய மனத்தைக் கவர்ந்திருக்கிறது. அருந்தி முடித்த ஒயின் புட்டிகளையும் அவற்றின் தக்கைகளையும் எறிந்துவிடாமல், அவற்றைக் கொண்டே பேய்களையும் பூச்சிகளையும் செய்து வைப்பதுதான் அது.

இந்தக் கைவேலையைப் பற்றி இரண்டு தீர்ப்புகள் உலவுகின்றன. ‘இது சாத்தானுக்குச் செய்யும் அலங்காரம், கிறிஸ்தவ இல்லத்தில் இதற்கு இடமில்லை’ என்பது ஒன்று. ‘இது கழிவைக் கலையாக்கும் நற்செயல், படைப்பைக் காக்கும் திருப்பணி’ என்பது மற்றொன்று. முன்னது மறையுரை மேடைகளில் ஒலிக்கிறது. பின்னது கைவினை நூல்களில் புன்னகைக்கிறது. கடல் கடந்து வாழும் நம் உறவினர் பிள்ளைகள் இவ்விரு குரல்களுக்கும் நடுவே நிற்கிறார்கள். நம் நகரத்துப் பள்ளிகள் சிலவற்றிலும் இவ்விழா நுழைந்துவிட்டதால், இது அயலார் வழக்கு என்று நாம் ஒதுங்கி நிற்க இயலாது.

இரண்டு தீர்ப்புகளையும் நாம் மறுக்கிறோம். முதல் தீர்ப்பு வரலாற்றை மறந்தது. இரண்டாம் தீர்ப்பு கணக்கை மறந்தது. அந்தப் புட்டி யாரால், எப்படிக் காலியாயிற்று என்ற கேள்வியையோ இரண்டுமே கேட்கவில்லை.

கைவேலை என்ன?

தீர்ப்புச் சொல்வதற்கு முன் குற்றம் சாட்டப்பட்ட பொருளைக் கண்ணால் பார்ப்பது முறை. வெந்நீரில் சலவைச் சோடாவைக் கரைத்து அதில் ஒயின் புட்டியை ஊறவைக்கிறார்கள். மேலே ஒட்டிய தாள் கழன்றுவிடுகிறது. எஞ்சிய பசையைச் சமையல் எண்ணெய் தொட்டுத் தேய்த்து நீக்குகிறார்கள். புட்டி நன்கு உலர்ந்தபின் வெள்ளை வண்ணம் பூசி இரண்டு கருங்கண்கள் வரைந்தால் அது பேய். காயத்துக்குக் கட்டும் வலைத்துணியைக் கழுத்துமுதல் அடிவரை சுற்றி, இடுக்கில் இரு விழிகள் தெரியுமாறு செய்தால் எகிப்திய மம்மி. செம்மஞ்சள் வண்ணம் பூசித் தக்கையையே காம்பாகச் செருகினால் பரங்கிக்காய். பச்சைப் புட்டிக்குள் சிறுவிளக்குச் சரத்தை இறக்கினால் இருளில் மினுங்கும் மாயக் குப்பி.

தக்கையின் கதையும் இப்படித்தான். அதற்குக் கருவண்ணம் தீட்டி, பக்கத்துக்கு நான்காக எட்டுக் கம்பிக்கால்கள் குத்தினால் சிலந்தி. கறுப்புத் தாளில் சிறகு வெட்டி ஒட்டினால் வௌவால். தக்கை மெத்தென்றிருப்பதால் குழந்தையின் விரலுக்கும் ஊசி எளிதில் இறங்குகிறது. மாலை வேளையில் தாயும் மகளும், தாத்தாவும் பேரனும் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து செய்யத்தக்க வேலை இது. இதிலே மந்திரம் இல்லை, பலி இல்லை, எந்தப் பிசாசையும் அழைக்கும் சொல்லும் இல்லை.

யாருடைய இரவு அது?

‘ஆனாலும் அந்த இரவே பிறசமயத்தவருடையது’ என்பார்கள். இக்கூற்றைச் சற்று நிதானமாக ஆராய வேண்டும். ஹாலோவீன் என்ற பெயரிலேயே விடை இருக்கிறது. பழைய ஆங்கிலத்தில் ‘ஹாலோ’ என்றால் புனிதர். ‘ஈன்’ என்றால் மாலை. புனிதர் அனைவர் பெருவிழாவுக்கு முந்திய மாலை என்பதே அதன் பொருள். பெயரையே நம் திருச்சபை சூட்டியிருக்க, அதைச் சாத்தானின் பெயர் என்று நாமே பழிப்பது எவ்வளவு விந்தை!

609ஆம் ஆண்டு மே 13ஆம் நாள் திருத்தந்தை நான்காம் போனிஃபாஸ், உரோமைப் பேரரசின் தெய்வங்களுக்கென எழுப்பப்பட்ட பான்தியோன் கோயிலை அன்னை மரியாவுக்கும் மறைசாட்சியர் அனைவருக்கும் அர்ப்பணித்தார். எட்டாம் நூற்றாண்டில் திருத்தந்தை மூன்றாம் கிரகோரி, புனித பேதுரு பேராலயத்தினுள் புனிதர் அனைவருக்கும் ஒரு சிற்றாலயம் அமைத்தார். 835ஆம் ஆண்டில் திருத்தந்தை நான்காம் கிரகோரியின் விருப்பப்படி, பிராங்கியப் பேரரசு எங்கும் நவம்பர் முதல் நாள் புனிதர் அனைவர் விழாவாயிற்று. 998ஆம் ஆண்டளவில் குளூனி மடத்தின் அதிபர் புனித ஓதிலோ, மறுநாளை இறந்த விசுவாசிகள் அனைவருக்கும் உரியதாக்கினார். நாம் ஆண்டுதோறும் கல்லறைகளைத் துப்புரவாக்கி, மாலை சூட்டி, மெழுகுதிரி ஏற்றும் கல்லறைத் திருநாள் இதுவே.

குளிர்காலத் தொடக்கத்தைக் கெல்டிய மக்கள் நவம்பர் முதல் நாளில் கொண்டாடினர் என்பது உண்மை. அவ்விழாவைத் திருடியே திருச்சபை தன் விழாவை அமைத்தது என்பதற்கோ உறுதியான சான்று இல்லை. அயர்லாந்தின் பழைய திருநாள் பட்டியல்களிலேயே புனிதர் அனைவரின் நினைவு ஏப்ரல் 20ஆம் நாளில்தான் குறிக்கப்பட்டிருக்கிறது. கெல்டியர் விழாவை விழுங்குவதே நோக்கமாயிருந்தால், கெல்டியர் மண்ணில் அல்லவா முதலில் நவம்பர் வந்திருக்க வேண்டும்?

வீடு வீடாகச் செல்லும் வழக்கத்தின் ஒரு வேரும் நம்முடையதே. இடைக்கால இங்கிலாந்தில் ஏழைகளும் சிறுவர்களும் இறந்தோர் நினைவு நாளில் கதவு தட்டினர். ‘ஆன்ம அப்பம்’ என்று பெயர்பெற்ற சிறு பணியாரத்தைப் பெற்றுக்கொண்டு, அந்த வீட்டில் இறந்தவர்களுக்காகச் செபித்தனர். பசித்தவருக்கு உணவு, இறந்தவருக்குச் செபம். இரண்டு இரக்கச் செயல்கள் ஒரே கதவடியில் நிறைவேறின. சீர்திருத்தக் காலத்தில் இறந்தோருக்கான செபம் அங்கே தடைபட்டது. செபம் போயிற்று, பணியாரம் மிஞ்சியது. அயர்லாந்தில் 1845இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சம் இலட்சக்கணக்கான எளிய கத்தோலிக்கரை அமெரிக்காவுக்குத் துரத்தியது. டர்னிப் கிழங்கைக் குடைந்து கோர முகம் செதுக்கி விளக்கேற்றும் பழக்கத்தையும் அவர்கள் உடன் கொண்டுசென்றனர். அங்கே அவர்களுக்குப் பரங்கிக்காய் கிடைத்தது. பெரியது, மெத்தென்றது, மலிவானது. அது முதல் பரங்கிக்காயே அந்த இரவின் முகமாயிற்று.

ஆக, கையில் கிடைத்த எளிய பொருளைக் கொண்டு இருளுக்கு எதிரே ஒரு முகம் செய்து வைத்தவர்கள் பஞ்சத்தில் அடிபட்ட கத்தோலிக்க உழவர்கள். முதலில் கிழங்கு, பிறகு பரங்கிக்காய், இன்று காலிப் புட்டி. இந்த வரிசையில் எந்த இடத்தில் சாத்தான் நுழைந்தான் என்று கண்டனக்காரர்கள் சுட்டிக்காட்டட்டும்.

இன்னொன்றையும் நாம் மறைக்கக்கூடாது. 1955ஆம் ஆண்டு வழிபாட்டு ஒழுங்குகள் எளிமையாக்கப்பட்டபோது, புனிதர் அனைவர் பெருவிழாவுக்கு இருந்த தனி விழிப்பு நாள் நீக்கப்பட்டது. பெருவிழாவின் முதல் மாலைப்புகழ் இன்றும் அக்டோபர் 31 மாலையிலேயே தொடங்குகிறது. ஆயினும் எத்தனை பங்குகளில் அது பாடப்படுகிறது? நாம் விளக்கேற்றாமல் விட்ட மாலையில் கடைக்காரர்கள் விளக்கேற்றினார்கள். நாம் காலி செய்த இருக்கையில் வந்து அமர்ந்தவரைத் திருடர் என்று எப்படிச் சொல்ல முடியும்?

உண்மையென்று நம்பியவர்களும் விளையாட்டாகச் செய்தவர்களும்

புட்டிக்கும் பேய்க்கும் உள்ள உறவு நேற்றுத் தோன்றியதன்று. பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் சூனியத்துக்கு அஞ்சியவர்கள் ஒரு மாற்றுச் செய்தனர். செருமனியின் ரைன் ஆற்றுப் பகுதியிலிருந்து வந்த மண்குப்பியொன்றில் தம் சிறுநீர், வளைந்த ஆணிகள், தலைமயிர், நகத்துண்டுகள் ஆகியவற்றை இட்டு, வாயைத் தக்கையால் இறுக அடைத்து, அடுப்படியிலோ வாசற்படியின் அடியிலோ புதைத்தனர். அந்தக் குப்பிகளின் கழுத்தில் தாடி வைத்த கடுமுகம் ஒன்று செதுக்கப்பட்டிருக்கும். மக்கள் அதற்கு வைத்த பட்டப்பெயர் ‘பெல்லார்மின்’. ஆம், 1930இல் புனிதராகவும் 1931இல் மறைவல்லுநராகவும் அறிவிக்கப்பட்ட கர்தினால் இராபர்ட் பெல்லார்மினின் பெயர்தான்! நம் மறைவல்லுநரின் பெயரைத் தாங்கிய குப்பி சூனியத் தடுப்புக் குப்பியாயிற்று. இலண்டனின் கிரீனிச் பகுதியில் 2004ஆம் ஆண்டு இத்தகைய குப்பி ஒன்று அடைத்த தக்கையோடு மண்ணுக்குள்ளிருந்து கிடைத்தது. அதன் உள்ளடக்கம் ஆராயப்பட்டு 2009இல் வெளியிடப்பட்டது. வளைந்த ஆணிகளும், ஆணி குத்திய தோல் இதயம் ஒன்றும் அதற்குள் இருந்தன.

அமெரிக்காவின் தென் மாநிலங்களில் மற்றொரு வழக்கம் உண்டு. மரக்கிளைகளின் நுனிகளில் நீலப் புட்டிகளைக் கவிழ்த்து வைத்தால், தீய ஆவிகள் அவற்றுக்குள் சிக்கிக்கொள்ளும் என்பது நம்பிக்கை. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டோரின் மரபு அதன் வேர். எழுத்தாளர் யூடோரா வெல்டி 1930களில் மிசிசிப்பி மாநிலத்தில் அத்தகைய புட்டி மரத்தை நிழற்படம் எடுத்திருக்கிறார்.

இப்போது ஒப்பிட்டுப் பார்ப்போம். பேயை உண்மையென்று நம்பி அஞ்சியவர்கள் குப்பியைப் புதைத்ததோடு நின்றுவிடவில்லை. அண்டை வீட்டுக் கிழவியைச் சூனியக்காரி என்று பிடித்துக் கொடுத்தார்கள். 1692–93இல் அமெரிக்காவின் சேலம் ஊர் வழக்குகளில் 19 பேர் தூக்கிலிடப்பட்டனர். ஒருவர் கற்களுக்கடியில் நசுக்கிக் கொல்லப்பட்டார். வெள்ளை வண்ணம் பூசிய புட்டியைச் சன்னலில் வைத்துச் சிரிக்கும் குழந்தை யாரையும் கொல்வதில்லை. அச்சத்தைக் கேலிச் சித்திரமாக்கும் ஆற்றல் மனிதனுக்கு இறைவன் தந்த நலன்களில் ஒன்று. சாவுக்கு இனிக் கொடுக்கு இல்லை என்று அறிக்கையிடும் சமயத்தவர், அட்டையில் வரைந்த எலும்புக்கூட்டைக் கண்டு நடுங்குவது எந்த இறையியல்?

ஆனால் இதே நேர்மை நம்மை வேறிரண்டு எச்சரிக்கைகளுக்கும் இழுத்துச் செல்கிறது. நீண்ட மூக்கும் கூனும் கூரிய தொப்பியும் உடைய சூனியக்காரி வெறும் கற்பனைப் பாத்திரமல்லள். தூக்கிலிடப்பட்ட ஏழை மூதாட்டியரின் கொச்சைப்படுத்தப்பட்ட நிழல் அவள். புட்டிக்குத் தொப்பி மாட்டுமுன் அதை எண்ணிப் பார்க்கலாம். தக்கைக்கும் ஓர் இருண்ட பக்கம் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்க மேடைகளில் வெள்ளை நடிகர்கள் தக்கையைச் சுட்டுக் கரியாக்கி முகத்தில் பூசிக்கொண்டு, கறுப்பின மக்களை ஏளனம் செய்து கூத்தாடினர். வௌவாலும் சிலந்தியும் பேயும் யாருடைய மானத்தையும் பறிப்பதில்லை. உயிருள்ள மனிதனை அச்சுறுத்தும் பொருளாக்குவதிலேதான் உண்மையான தீமை குடியிருக்கிறது. சாத்தானைத் தேடுவோர் அங்கே தேடினால் ஒருவேளை காணக்கூடும்.

விலைக்கு வாங்கும் அச்சம்

நம் கண்டனத்துக்குரிய முதல் ஆள் கடைவீதியில் நிற்கிறான். அமெரிக்கத் தேசியச் சில்லறை வணிகக் கூட்டமைப்பின் மதிப்பீட்டின்படி, 2023ஆம் ஆண்டு அந்நாட்டு மக்கள் ஹாலோவீனுக்குச் செலவிட்ட தொகை 1,220 கோடி டாலர். அலங்காரப் பொருள்களுக்கு மட்டும் 390 கோடி டாலர். 2020இல் ஒரு பெருங்கடைத் தொடர் 12 அடி உயர நெகிழி எலும்புக்கூட்டை 299 டாலர் விலையில் அறிமுகப்படுத்தியது. அது விரைவாக விற்றுத் தீர்ந்தது. ஆன்ம அப்பத்துக்காகக் கதவு தட்டிய ஏழைக் குழந்தையின் இரவு எங்கே வந்து நிற்கிறது பாருங்கள்!

இதே இரவை வேறு விதமாகவும் பயன்படுத்த முடியும் என்பதற்குச் சான்று உண்டு. 1950ஆம் ஆண்டு பிலடெல்பியா நகரத்தில் மேரி எம்மா அலிசனும், போதகரான அவர் கணவரும் ஒரு முயற்சி தொடங்கினர். சிறுவர்கள் இனிப்பு கேட்பதற்குப் பதிலாக, காலிப் பால் பெட்டிகளை ஏந்திச் சென்று, உலகக் குழந்தைகளுக்காகக் காசு திரட்டினர். முதல் முறை சேர்ந்தது 17 டாலர். யுனிசெஃப் அமைப்புக்கு அனுப்பப்பட்ட அந்தச் சிறுதொகை பின்னர் நாடளாவிய இயக்கமாக வளர்ந்தது. அங்கேயும் கையிலிருந்தது எறிந்துவிட வேண்டிய ஒரு காலிப் பெட்டிதான் என்பது நம் கவனத்துக்குரியது.

ஒயின் புட்டிப் பேய் இந்த வகையிலே பாராட்டுக்குரியது. அதற்குக் கடை தேவையில்லை. அதைச் செய்ய மனிதர்கள் கூடி அமர வேண்டும். அது கோணலாக இருக்கும், வண்ணம் வழிந்திருக்கும், ஒரு கண் பெரிதாயும் ஒரு கண் சிறிதாயும் இருக்கும். செய்த குழந்தையின் கையடையாளம் அது.

கணக்கு கேட்போம்

இங்கேதான் இரண்டாம் தீர்ப்பாளரிடம் நாம் சில கணக்குகளைக் கேட்க வேண்டியிருக்கிறது. ‘புட்டிக்கு வண்ணம் பூசினோம், உலகைக் காத்தோம்’ என்று மார்தட்டுவோர் அவர்கள்.

கண்ணாடி ஓர் அரிய பொருள். அதை எத்தனை முறை உருக்கினாலும் தரம் குன்றாது. பழைய கண்ணாடித் தூளைச் சேர்த்து உருக்கினால் உலைக்கு வேண்டிய எரிபொருளும் குறையும். ஆயினும் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் கணக்குப்படி, 2018ஆம் ஆண்டில் அந்நாட்டில் மறுசுழற்சிக்குச் சென்ற கண்ணாடிக் கலன்கள் 31 விழுக்காடு மட்டுமே. காலிப் புட்டியைத் திருப்பிக் கொடுத்தால் காசு கிடைக்கும் என்ற சட்டத்தை 1971இல் அங்கே முதன்முதலாகக் கொண்டுவந்தது ஓரிகன் மாநிலம். தொடக்கத்தில் அது பீர், மென்பானக் கலன்களுக்கு உரியதாயிருந்தது. அமெரிக்காவின் ஒயினில் பெரும்பகுதியைத் தயாரிக்கும் கலிஃபோர்னியாவில் ஒயின் புட்டி அத்தகைய சட்டத்துக்குள் வந்தது 2024 சனவரியில்தான். ஆகவே சன்னலில் நிற்கும் நான்கு பேய்கள் குப்பைமேட்டுக்குச் செல்வதைச் சில வாரம் தள்ளிப்போட்டிருக்கின்றன, அவ்வளவே. நவம்பர் மூன்றாம் நாள் அவை எங்கே போகின்றன என்பதே கேள்வி. வண்ணமும் பசையும் கம்பியும் துணியும் ஒட்டிய நிலையில் எறிந்துவிட்டால், உருக்கத்தக்க ஒரு பொருளை நாமே கெடுத்தவர்களாவோம். நீரில் கரையும் வண்ணமும் மாவுப் பசையும் போதும். விழா முடிந்ததும் கழுவி உரிய தொட்டியில் சேர்க்கலாம். அல்லது அடுத்த ஆண்டுக்கு எடுத்து வைக்கலாம்.

தக்கையோ இன்னும் ஆழமாகப் பேசுகிறது. அது மரத்தின் பட்டை. மத்தியதரைக் கடலோர நாடுகளில் வளரும் தக்கைக் கருவாலி மரத்துக்கு ஏறக்குறைய 25 வயது ஆனபின்னரே முதற்பட்டை உரிக்கப்படுகிறது. பிறகு 9 ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். மூன்றாம் முறை உரிக்கும் பட்டையே புட்டிக்கு அடைப்பாகும் தரம் பெறுகிறது. அதாவது 40 ஆண்டுகளுக்கு மேல் பொறுத்திருந்து பெறும் பொருள் அது. கோடையில் கைதேர்ந்த உழைப்பாளர்கள் கோடரியால், உள்மரத்துக்கு ஊறுபடாமல் பட்டையைக் கழற்றுகிறார்கள்; உரித்த ஆண்டின் கடைசி இலக்கத்தை மரத்தின்மேல் வெள்ளை வண்ணத்தால் எழுதுகிறார்கள். உலகத் தக்கையில் ஏறக்குறைய பாதி போர்த்துக்கலிலிருந்து வருகிறது. அந்நாடு 2011இல் இம்மரத்தைத் தன் தேசிய மரமாக அறிவித்தது. இசைவின்றி அதை வெட்டுவது அங்கே குற்றம். 1783இல் நடப்பட்ட ஒரு முதுமரம் அந்நாட்டின் ஆகுவாஷ் த மோரா ஊரில் இன்றும் நிற்கிறது. 2018இல் ஐரோப்பாவின் அவ்வாண்டுக்குரிய மரமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. 1665இல் இராபர்ட் ஹூக் நுண்ணோக்கியின் அடியில் வைத்துப் பார்த்ததும் ஒரு தக்கைச் சீவலைத்தான். அதில் கண்ட சிறு அறைகளுக்கு அவர் இட்ட பெயரே உயிரணுவைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லாயிற்று. துறவியின் அறைக்கும் ஆங்கிலத்தில் அதே சொல்தான்.

நாற்பதாண்டுப் பொறுமையின் விளைவான அந்தத் துண்டைச் சிலந்தியாக்குவதில் தவறில்லை. ஆனால் கைவேலைக்கென்றே பயன்படுத்தாத புதுத் தக்கைகளைப் பைபையாக விற்கும் கடைகளும் வந்துவிட்டன! மறுபயன்பாட்டின் தோற்றத்துக்காகப் புதுப்பொருளை வாங்குவது நோன்பிருப்பதாகக் காட்டிக்கொண்டு விருந்துண்பதற்குச் சமம். 2015இல் வெளிவந்த திருத்தந்தை பிரான்சிசின் ‘லவுதாத்தோ சி’ சுற்றுமடல் கண்டித்த வீசியெறியும் பண்பாடு, எறியாதவன்போல் வேடமிட்டும் வரக்கூடும்.

சில வீடுகளின் உண்மைப் பேய்

இனி நாம் சொல்லப்போவது சிலருக்குக் கசக்கும். கைவினை நூல்கள் ‘காலிப் புட்டிகள் ஆறு எடுத்துக்கொள்க’ என்று மிக எளிதாகத் தொடங்குகின்றன. ஆறு புட்டிகள் எங்கிருந்து வந்தன? விருந்தினர் பலர் கூடி மகிழ்ந்த ஓர் இரவிலிருந்தா? ஒரே மனிதனின் ஒரு வாரத்திலிருந்தா?

மதுவை நாம் பழிக்கவில்லை. கானாவூர்த் திருமணத்தில் ஆறு கற்சாடிகளின் தண்ணீர் இரசமாயிற்று. திருப்பலியில் அப்பத்தோடு திராட்சை இரசமே திருப்பீடத்தில் வைக்கப்படுகிறது. படைப்பில் தீயது என்று ஒன்றில்லை. ஆயினும் உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2019ஆம் ஆண்டில் மட்டும் மதுவால் மாண்டவர் 26 இலட்சம் பேர். ஒவ்வொரு சாவுக்கும் பின்னால் ஒரு வீடு இருக்கிறது. அந்த வீட்டில் ஒரு குழந்தை இருந்திருக்கும். இரவு வாசலில் தந்தையின் காலடியோசை கேட்டதும் போர்வைக்குள் சுருண்டுகொண்ட குழந்தை. அதற்குப் பேய் என்றால் என்னவென்று யாரும் வரைந்து காட்ட வேண்டியதில்லை. அது புட்டியிலிருந்து வெளிவருவதை அது ஒவ்வோர் இரவும் பார்த்திருக்கிறது.

ஹாலோவீனைக் கடல் கடந்து அனுப்பிய அயர்லாந்தே இதற்கும் சான்று தருகிறது. கார்க் என்னும் அயர்லாந்து நகரத்தில் (தக்கையின் ஆங்கிலப் பெயருக்கும் இந்நகருக்கும் ஒலியொற்றுமையன்றி வேறு உறவில்லை) 1838ஆம் ஆண்டு கப்பூச்சின் துறவி தியோபால்ட் மாத்யூ முழு மதுவிலக்குச் சங்கம் ஒன்றைத் தொடங்கினார். இலட்சக்கணக்கானோர் அவர்முன் உறுதிமொழி எடுத்தனர். டப்ளின் நகரத்து மாட் டால்பட்டின் கதை அதைவிட நெருக்கமானது. 1856இல் பிறந்த அவர் ஏறக்குறைய 12 வயதில் ஒரு மது வணிகரின் புட்டி நிரப்பும் கிடங்கில் வேலைக்குச் சேர்ந்தார்; அங்கேயே குடிக்கப் பழகினார். 1884இல் குடியை விட்டொழித்தார். பிறகு 41 ஆண்டுகள் கூலியாளாகவும் செபமனிதராகவும் வாழ்ந்து, 1925இல் திருப்பலிக்குச் செல்லும் வழியில் தெருவிலேயே விழுந்து இறந்தார். 1975இல் திருச்சபை அவரை வணக்கத்துக்குரியவர் என்று அறிவித்தது. புட்டியிலிருந்து புறப்பட்ட பேயை மீண்டும் புட்டிக்குள் அடைத்த மனிதர் அவர்.

ஆகவே நாம் வைக்கும் அளவுகோல் இதுதான். புட்டி அச்சமூட்டாத வீட்டில் புட்டிப் பேய் ஒரு நல்ல வேடிக்கை. புட்டியே அச்சமாயிருக்கும் வீட்டில் அதற்கு வெள்ளை வண்ணம் பூசிச் சன்னலில் அழகுபடுத்துவது, புண்ணை மூடிப் பூ வைப்பதற்கு ஒப்பாகும். அந்த வீட்டிலே வண்ணம் வேண்டாம். காலிப் புட்டிகளைக் குடித்தவர் கண்முன் வரிசையாக நிறுத்தி எண்ணச் செய்வதே அங்கே தேவையான கைவேலை. சாத்தானை அட்டைச் சிலந்தியில் தேடிக் கண்டிக்கும் மறையுரையாளர், தம் முன் அமர்ந்திருக்கும் குடும்பங்களில் இந்தப் பேயைப் பற்றி எத்தனை முறை பேசியிருக்கிறார்? வெளியூர் விழாவைக் கண்டிப்பதற்குத் துணிவு தேவையில்லை. பங்கு விழாவின் மறுநாள் காலை சிதறிக் கிடக்கும் புட்டிகளைக் கண்டிக்கத்தான் துணிவு தேவை.

நாம் வேண்டுவது

போலந்து நாட்டில் புனிதர் அனைவர் பெருவிழா மாலையில் கல்லறைத் தோட்டங்கள் ஒளிக்கடலாகும். காற்றில் அணையாதிருக்கக் கண்ணாடிக் கூண்டுக்குள் மெழுகுதிரியை வைத்து ஏற்றுகிறார்கள். அண்மை ஆண்டுகளில் பல கல்லறைத் தோட்டங்களின் வாயிலில் ஓர் அடுக்கு அமைத்திருக்கிறார்கள். எரிந்து முடிந்த விளக்குக் கூண்டை அங்கே வைத்துவிட்டால், வேறொருவர் எடுத்துத் துடைத்து, புதுத் திரியிட்டுத் தம் இறந்தோருக்கு ஏற்றுவார். ஒரு கண்ணாடிக் கலன், அடுத்தடுத்துப் பல கல்லறைகள், அறிமுகமில்லாத பல கைகள். மறுபயன்பாடும் இறந்தோர் நினைவும் புனிதரின் தோழமையும் ஒரே கலத்தில் நிறைந்திருப்பதை அங்கே காண்கிறோம்.

அயல்நாட்டில் வாழும் நம் பெற்றோர்க்கு நாம் சொல்வது இது: உங்கள் பிள்ளைகள் புட்டிப் பேய் செய்ய ஆசைப்பட்டால் தடுக்காதீர்கள். அவர்களோடு அமருங்கள். வண்ணம் உலரும் நேரத்தில் அந்த இரவின் பெயருக்கு என்ன பொருள் என்று சொல்லுங்கள். ஆன்ம அப்பத்தின் கதையைச் சொல்லுங்கள். அவர்கள் பார்த்திராத தாத்தா பாட்டியின் பெயர்களைச் சொல்லி அவர்களுக்காக ஒரு செபம் சொல்லச் செய்யுங்கள். அக்டோபர் 31 மாலை பேய் சிரிக்கட்டும்; நவம்பர் முதல் நாள் புனிதரின் படம் வரட்டும்; இரண்டாம் நாள் கழுவித் துடைத்த அகல்வாய்க் கண்ணாடிக் கலத்தில் இறந்தோருக்காக ஒரு சுடர் ஏறட்டும்.

நம் பங்குகளுக்கும் ஒரு சொல். ஊருக்கு ஊர் கல்லறைத் திருநாளுக்கு மறுநாள் நெகிழி மாலைகளும் உருகிய திரிகளும் காகிதத் தட்டுகளும் கல்லறைகளின்மேல் குவிந்து கிடக்கின்றன. அமெரிக்கரின் நெகிழி எலும்புக்கூட்டைக் கண்டு நகைக்குமுன் அந்தக் குவியலை ஒருமுறை பார்த்து வருவோம். திருமணத்துக்கும் திருவிழாவுக்கும் காலியாகும் புட்டிகளை எண்ணிப் பார்ப்போம். எண்ணி முடித்தபின் வண்ணம் பூசுவதா, வாயடைப்பதா என்று முடிவு செய்வோம்.